கல்லைப் படிக்கும் ஒரு நாள்
(பிள்ளைகளை அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்வது எப்படி? பெற்றோருக்கும் ஞாயிறு தமிழ் வகுப்பு ஆசிரியர்களுக்கும் ஒரு பாடத் திட்டம்)



பொம்மசந்திரா, ஹெப்பகோடி, எலக்ட்ரானிக் சிட்டி வட்டாரங்களில் வேலையின் பொருட்டு வந்து குடியேறிய நம் குடும்பங்களின் பிள்ளைகளிடம் "உன் ஊர் எது?" என்று கேட்டுப் பாருங்கள். தருமபுரி என்பான் ஒருவன், திருவண்ணாமலை என்பாள் ஒருத்தி. அந்த ஊரை அவர்கள் பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் மட்டுமே பார்த்திருப்பார்கள். பிறந்து வளர்ந்து பள்ளி செல்லும் இந்த ஊரைத் தம் ஊர் என்று சொல்லத் தயங்குகிறார்கள். சொன்னால் யாரேனும் மறுப்பார்களோ என்ற எண்ணமும் சில பிள்ளைகளுக்கு இருக்கிறது. இந்தத் தயக்கத்தைப் பேச்சினால் மட்டும் போக்கிவிட முடியாது. இந்த மண்ணின் பழைய கற்களைப் பிள்ளைகளின் கண்முன் காட்டினால் ஓரளவு போக்கலாம். அதற்கு நல்ல வழி, ஒழுங்காகத் திட்டமிட்ட ஒரு கல்விச் சுற்றுலா.

"ஒழுங்காகத் திட்டமிட்ட" என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் நாற்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு ஓர் அருங்காட்சியகத்துக்குப் போனோம். அன்று திங்கட்கிழமை. பள்ளிக்கு உள்ளூர் விடுமுறை என்பதை மட்டும் பார்த்தோமே தவிர, அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை என்பதைப் பார்க்கவில்லை. கதவு பூட்டியிருந்தது. இன்னொரு முறை திறந்திருந்தது. ஆனால் பிள்ளைகள் இருபது நிமிடத்தில் எல்லாக் கூடங்களையும் ஓடிக் கடந்துவிட்டு ஐஸ்கிரீம் வண்டியின் முன் நின்றார்கள். குற்றம் பிள்ளைகள்மீது இல்லை. எதைப் பார்க்க வேண்டும், ஏன் பார்க்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்த இரண்டு தவறுகளிலிருந்தும் பிறந்ததே இந்தப் பாடத் திட்டம்.

1. எங்கே போவது?

பெங்களூரு கஸ்தூர்பா சாலையில், கப்பன் பூங்காவை ஒட்டி, சிவப்பு வண்ணத்தில் நிற்கும் அரசு அருங்காட்சியகத்தையே இந்தப் பாடத்துக்கு எடுத்துக்கொள்கிறோம். இது 1865ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. தென்னிந்தியாவின் மிகப் பழைய அருங்காட்சியகங்களுள் ஒன்று. இதை அமைக்க வழிகாட்டியவர் எட்வர்டு பால்ஃபர் என்ற மருத்துவர். 1851இல் சென்னை அருங்காட்சியகத்தைத் தொடங்கி வைத்தவரும் இவரே. ஆகவே சென்னை எழும்பூரில் நாம் பார்த்த அருங்காட்சியகமும் இதுவும் ஒரே கையால் நடப்பட்ட இரண்டு மரங்கள். முதலில் தண்டுப் பகுதியில் இருந்த ஒரு பழைய சிறைச்சாலைக் கட்டடத்தில்தான் இது இயங்கியது. அந்தத் தெரு இன்றும் மியூசியம் சாலை என்றே வழங்குகிறது. இப்போதுள்ள கட்டடத்தைக் கட்டியவர் கர்னல் ரிச்சர்டு சாங்கி. ஆண்டு 1877. சாங்கி ஏரி என்று நாம் சொல்வது இவர் பெயரால்தான்.

பக்கத்திலேயே விசுவேசுவரய்யா தொழில் தொழில்நுட்ப அருங்காட்சியகம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அது மிகவும் பிடிக்கும். ஆனால் இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். பொத்தானை அழுத்தினால் சுழலும் பொறியைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளை, அசையாத கல்லின் முன் நிற்காது. அதற்கு வேறொரு நாள் ஒதுக்குங்கள்.

2. போவதற்கு முன்

முதற் பணி: திட்டம் போடுபவர்களில் இருவராவது முன்கூட்டியே ஒருநாள் நேரில் சென்று பார்த்துவர வேண்டும். பழைய கட்டடமாதலால் சில கூடங்கள் சீரமைப்புக்காக மூடப்படுவதுண்டு. எந்தக் கூடம் திறந்திருக்கிறது, நாம் பார்க்க விரும்பும் கற்கள் எந்த இடத்தில் உள்ளன, நுழைவுக் கட்டணம் எவ்வளவு, பள்ளிக் குழுவுக்குச் சலுகை உண்டா, படம் எடுக்க அனுமதி உண்டா, கழிவறை எங்கே, குடிநீர் எங்கே என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமையும் அரசு விடுமுறை நாட்களும் வேண்டாம்.

இரண்டாம் பணி: காப்பாட்சியருக்குக் கடிதம். குழுவின் பெயர், பிள்ளைகளின் எண்ணிக்கை, வயது, வரும் நாள், நேரம், எந்தப் பொருட்களைப் பார்க்க விரும்புகிறோம் என்பன அதில் இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தைப் பெரியவர்கள் எழுத வேண்டாம். நம் பிள்ளைகள் பள்ளியில் கன்னடம் படிக்கிறார்கள் அல்லவா? எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கன்னடத்தில் எழுதச் சொல்லுங்கள். தப்பில்லாமல் எழுதித் தலைமைப் பிள்ளை கையொப்பமிட்டால், சுற்றுலாவின் முதல் பாடம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

மூன்றாம் பணி: கணக்கு. பயணச் செலவு, நுழைவுச் சீட்டு, சாப்பாடு, அவசரத் தேவைக்கு ஒரு சிறு தொகை என்று கூட்டித் தலைக்கு எவ்வளவு என்று சொல்லிவிடுங்கள். ஒப்பந்த வேலையில் இருக்கும் குடும்பங்களுக்கு மாதக் கடைசியில் நூறு ரூபாயும் பெரிய தொகையே. ஆகவே சம்பளம் வந்தபின் வரும் முதல் அல்லது இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. கொடுக்க இயலாத பிள்ளைக்குப் பொது நிதியிலிருந்து கொடுங்கள். அது யார் என்பது பொருளாளர் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

நான்காம் பணி: ஆள் கணக்கு. இருபத்துநான்கு பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். ஆறு பிள்ளைகள், இரண்டு பெரியவர்கள் என்று நான்கு குழுக்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு குழுவிலும் கன்னடம் நன்கு படிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்றும், தமிழ் நன்கு படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரும் இருக்க வேண்டும். இது ஏன் என்பது பின்னால் விளங்கும்.

3. வகுப்பில் நடத்த வேண்டிய முன்பாடம்

சுற்றுலாவுக்கு முந்தைய இரண்டு ஞாயிறுகளில் கீழ்க்கண்ட இரண்டு பாடங்களை நடத்திவிடுங்கள். இவை இல்லாமல் போனால் கல் வெறும் கல்லாகவே தெரியும்.

முதற் பாடம்: நடுகல்.

போரிலோ, ஆநிரை மீட்பதிலோ, புலியோடும் பன்றியோடும் போராடியோ உயிர்விட்டவனுக்குக் கல் நட்டு வழிபடுவது தென்னாடு முழுவதற்கும் பொதுவான பழக்கம். கல்லைத் தேர்ந்தெடுப்பது, நீராட்டுவது, நடுவது, வாழ்த்துவது என்று இதன் படிகளைத் தொல்காப்பியமே வகைப்படுத்திச் சொல்கிறது. தமிழில் நடுகல் என்கிறோம். கன்னடத்தில் வீரகல்லு என்கிறார்கள். கன்னட நாட்டு வீரக்கல் பல, கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டியவை. கீழ் அடுக்கில் சண்டை. நடு அடுக்கில் இறந்த வீரனைத் தேவமகளிர் விண்ணுலகுக்கு அழைத்துச் செல்வார்கள். மேல் அடுக்கில் அவன் இறைவன் திருமுன் அமர்ந்திருப்பான். பிள்ளைகள் படக்கதை படிப்பவர்களே. இந்த முறையைச் சொல்லிவிட்டால் அங்கே போய்த் தாங்களே படித்துவிடுவார்கள்.

இரண்டாம் பாடம்: ஒலி மாறும் முறை.

தமிழில் பகரத்தில் தொடங்கும் சொற்கள் பல, இன்றைய கன்னடத்தில் ஹகரத்தில் தொடங்குகின்றன. பால் - ஹாலு. பல் - ஹல்லு. புலி - ஹுலி. பத்து - ஹத்து. பெண் - ஹெண்ணு. பழங்கன்னடத்தில் இவையும் பகரத்தில்தான் தொடங்கின. பிற்காலத்தில்தான் மாறின. பன்றியை இன்று 'ஹந்தி' என்கிறார்கள். பழங்கன்னடத்தில் அது 'பந்தி'. ஆகவே பொம்மனஹள்ளி, மாரதஹள்ளி என்ற பெயர்களில் வரும் 'ஹள்ளி'யும், நம் திருச்சிராப்பள்ளியில் வரும் 'பள்ளி'யும் உறவுச் சொற்கள்.

அதேபோலத் தமிழில் வகரத்தில் தொடங்கும் சொற்கள் பல கன்னடத்தில் மெல்லிய பகரத்தில் தொடங்கும். 'தம்பி' என்ற சொல்லில் வரும் பகரம்போல அதை ஒலிக்க வேண்டும். வேர் - பேரு. விரல் - பெரளு. வெல்லம் - பெல்ல. வெள்ளி - பெள்ளி. வில் - பில்லு. பிள்ளைகள் இந்தச் சொற்களை இரண்டு மொழியிலும் தினமும் பேசுகிறார்கள். ஆனால் ஒன்றையொன்று பொருத்திப் பார்த்ததில்லை. கரும்பலகையில் இரண்டு பத்தியாக எழுதி, மற்ற சொற்களை அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். வகுப்பு கலகலப்பாகிவிடும். இந்த விதியை வைத்து ஊர்ப் பெயர் ஒன்றை நாம் பின்னால் திறக்கப் போகிறோம்.

நம் பொம்மசந்திரா என்ற பெயரையும் இங்கேயே சொல்லிவிடலாம். சிங்கசந்திரா, பொம்மசந்திரா போன்ற பெயர்களின் கடைசியில் வரும் 'சந்திரா' நிலவைக் குறிப்பதன்று. 'சமுத்திரம்' என்பதன் திரிபு என்பர். பெரிய ஏரிக்குச் சமுத்திரம் என்று பெயரிடுவது தமிழ்நாட்டிலும் உள்ள வழக்கமே. அம்பாசமுத்திரம் என்ற பெயரை நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

4. பயணம்

2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மெட்ரோ ரயிலின் மஞ்சள் தடம் திறக்கப்பட்டபின் நமக்கு வேன் தேவையில்லை. பொம்மசந்திரா நிலையத்தில் ஏறி ஆர்.வி. சாலை நிலையத்தில் இறங்கிப் பச்சைத் தடத்துக்கு மாற வேண்டும். மெஜஸ்டிக்கில் ஊதாத் தடத்துக்கு மாறிக் கப்பன் பூங்கா நிலையத்தில் இறங்கினால், அங்கிருந்து நடை தூரம்தான். பொம்மசந்திராவிலிருந்து ஆர்.வி. சாலை வரை 16 நிலையங்கள். ஒவ்வொரு நிலையத்தின் பெயரையும் பிள்ளைகள் எழுதிக்கொண்டு வரட்டும். ஹள்ளி எத்தனை, சந்திரா எத்தனை, அக்கிரகாரம் எத்தனை என்று எண்ணட்டும். ரயிலில் சத்தம் குறையும்.

இரண்டு இடத்தில் வண்டி மாறுவதால் தலை எண்ணிக்கை மிகவும் முக்கியம். ஏறும் முன் ஒருமுறை, இறங்கியபின் ஒருமுறை, குழுத் தலைவர் உரக்க எண்ண வேண்டும். மெஜஸ்டிக்கில் கூட்டம் எப்போதும் உண்டு. பிள்ளை பிரிந்துவிட்டால் இருந்த இடத்திலேயே நிற்க வேண்டும், சீருடை அணிந்த நிலைய ஊழியரிடம் மட்டுமே பேச வேண்டும் என்று முன்பே சொல்லிக் கொடுங்கள். சட்டையில் குத்தும் அட்டையின் முன்பக்கத்தில் குழு எண்ணும், உள்பக்கத்தில் பெயரும் பெற்றோர் தொலைபேசி எண்ணும் இருக்கட்டும்.

நேர அட்டவணை இப்படி அமையலாம்:

காலை 8.00 - நிலையத்தில் கூடுதல், எண்ணிக்கை
8.30 - புறப்பாடு
10.15 - அருங்காட்சியகம் சேர்தல், தண்ணீர், கழிவறை
10.30 முதல் 12.30 வரை - கற்களும் மற்றக் கூடங்களும்
12.30 - சாப்பாடு
1.30 - கட்டடத்தை வெளியிலிருந்து வரைதல்
2.30 - திரும்புதல்

சாப்பாட்டுக்குப் புளியோதரையோ எலுமிச்சைச் சோறோ போதும். எங்கே உட்கார்ந்து சாப்பிட அனுமதி உண்டு என்பதை முன்பே கேட்டுவையுங்கள். இலையும் தாளும் ஒன்றுகூட விழக்கூடாது.

5. எதைப் பார்ப்பது?

நூறு பொருளைப் பார்த்தால் ஒன்றும் நினைவில் நிற்காது. சிற்பங்கள், நாணயங்கள், பழங்கருவிகள், ஓவியங்கள் எல்லாவற்றையும் ஒரு சுற்று நடந்து பார்க்கட்டும். ஆனால் நின்று படிக்க வேண்டியவை இரண்டே கற்கள்.

முதற் கல்: பேகூர் வீரக்கல்.

பேகூர் நமக்குத் தொலைவில் உள்ள ஊரன்று. ஓசூர் சாலையிலிருந்து மேற்கே பிரிந்து சென்றால் வந்துவிடும். ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன், கங்க மன்னர்கள் காலத்தில் அங்கே நடப்பட்டது இந்தக் கல். நாகத்தரன் என்ற வீரன் போரிட்டு மடிந்ததையும், அதற்காகக் கங்க மன்னன் எறெயப்பன் ஊர்களைக் கொடையாக அளித்ததையும் பழங்கன்னடத்தில் சொல்கிறது. போர்க்களக் காட்சி நெருக்கமாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. யார் வெல்பவன், யார் தோற்பவன், விழுந்து கிடப்பவர் யார் என்று பிள்ளைகள் தேடட்டும்.

இரண்டாம் கல்: ஆதகூர்க் கல்.

மண்டியா மாவட்டம் மத்தூர் வட்டத்து ஆதகூரிலிருந்து வந்தது. சக ஆண்டு 872, அதாவது கி.பி. 949-950. இதன் முன்தான் நாம் அதிக நேரம் நிற்க வேண்டும். ஏனெனில் இதில் நம் சோழர் கதை இருக்கிறது. ஆனால் நாம் கேட்டுப் பழகிய பக்கத்திலிருந்து அன்று.

949இல் தக்கோலத்தில் பெரும்போர் நடந்தது. அரக்கோணத்துக்கு அருகில் இன்றும் அந்த ஊர் இருக்கிறது. ஒரு பக்கம் முதலாம் பராந்தக சோழனின் மகன் இராசாதித்தன். மறுபக்கம் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணன். அவனுக்குத் துணையாகக் கங்க மன்னன் இரண்டாம் பூதுகன். அந்தப் போரில் பூதுகன் இராசாதித்தனைக் கொன்றான் என்று இந்தக் கல் சொல்கிறது. சோழரின் ஆனைமங்கலச் செப்பேடும் இதே சாவைச் சொல்கிறது. ஆனால் யானைமேல் இருந்தபடியே அம்பு பாய்ந்து வீர சுவர்க்கம் அடைந்தான் என்று போற்றுகிறது. 'யானைமேல் துஞ்சிய தேவர்' என்ற பெயர் அவனுக்கு வந்தது இதனால்தான். வீராணம் ஏரியை வெட்டியவன் இவனே என்று சொல்லப்படுகிறது.

ஆனால் கல் நடப்பட்டது இராசாதித்தனுக்காகவும் இல்லை, பூதுகனுக்காகவும் இல்லை. ஒரு நாய்க்காக! பூதுகனின் வீரன் மணலேரன் என்பவன் போரில் திறமையாகச் சண்டையிட்டான். "உனக்கு என்ன வேண்டும், கேள்" என்றான் பூதுகன். பொன்னும் பொருளும் கேட்கவில்லை மணலேரன். அரசனிடம் இருந்த 'காளி' என்ற வேட்டை நாயைக் கேட்டு வாங்கினான். பின்னர் அந்த நாய் ஒரு பெரிய காட்டுப் பன்றியோடு மோதியது. இரண்டும் மாண்டன. நாய்க்குக் கல் நட்டு நிலமும் விட்டார்கள். கல்லில் நாயும் பன்றியும் பொருதும் சிற்பத்தைக் காணலாம். அதைச் சுற்றிலும் எழுத்துக்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் கவனம் தேவை. ஒரு பிள்ளை நிச்சயம் கேட்கும்: "அப்படியென்றால் நம் ராஜா தோற்றுவிட்டாரா?" எங்களிடமும் கேட்டான் ஒரு பையன். கேட்டவுடன் உடன் வந்த பெரியவர் ஒருவர், "பிறகு இராசராசன் வந்து பழி தீர்த்தான்" என்றார். வரலாற்றில் அதுவும் உண்மைதான். 1004ஆம் ஆண்டையொட்டிச் சோழர் கங்கநாட்டைப் பிடித்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு, 1116ஆம் ஆண்டையொட்டி, ஹொய்சள விட்டுணுவர்த்தனன் அதைச் சோழரிடமிருந்து பிடித்தான் என்பதும் உண்மை. பழி தீர்த்த கணக்கை எங்கே நிறுத்துவது? பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒன்றாகப் பள்ளி செல்லும் நம் பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கைக் கொடுத்தனுப்புவது சரியா?

ஆகவே இப்படிப் பதில் சொல்லுங்கள்: "ஆம், தோற்றார். ஒரே சாவைக் கொன்றவர் பக்கம் ஒருவிதமாகவும், இறந்தவர் பக்கம் வேறுவிதமாகவும் எழுதி வைத்தார்கள். இரண்டையும் படித்தால்தான் நடந்தது தெரியும்." வரலாற்றுப் பாடத்தில் இதைவிடப் பெரிய பாடம் இல்லை. பிறகு நாயின் கதைக்கு வாருங்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரிலும் நாய்க்கு ஒரு நடுகல் உண்டு. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. தன் தலைவன் மடிந்தபின் கள்வரைக் கடித்து நின்ற கோவிவன் என்ற நாயின் பெயர் தமிழில் அதில் எழுதப்பட்டிருக்கிறது. அங்கே கோவிவன், இங்கே காளி. நாய்க்கு நன்றி சொல்லக் கல் நடும் மனம் இரண்டு மொழிக்காரர்களுக்கும் இருந்திருக்கிறது.

கல்லைத் தொடக்கூடாது. சுண்ணாம்புக் கட்டியோ பென்சிலோ கொண்டு எழுத்தின்மேல் தீட்டக்கூடாது. தூர நின்று வரைந்துகொள்ளட்டும். விளக்கப் பலகையைக் கன்னடம் தெரிந்த பிள்ளை உரக்கப் படித்துப் பெரியவருக்குத் தமிழில் பொருள் சொல்லட்டும். நம் தந்தையரில் பலர் இருபது ஆண்டு இங்கே உழைத்தும் கன்னட எழுத்துப் படிக்கத் தெரியாதவர்கள். பேருந்துப் பலகையைக்கூடப் பிறரிடம் கேட்டே அறிவார்கள். தன் மகள் ஒரு பலகையைத் தங்குதடையின்றிப் படித்துச் சொல்லக் கேட்ட தந்தை ஒருவர், அன்று வீடு திரும்பும்வரை அதையே பேசிக்கொண்டு வந்தார்.

6. இரண்டாம் பயணம்: கல் இருந்த இடம்

அருங்காட்சியகத்தோடு பாடம் முடிந்துவிடக்கூடாது. ஒரு மாதம் கழித்து ஓர் அரைநாள் பயணம் வையுங்கள். இதற்கு வேன் தேவைப்படும்.

முதலில் பேகூர் நாகேசுவரர் கோயில். பஞ்சலிங்கேசுவரர் கோயில் என்றும் சொல்வார்கள். இங்குள்ள ஒரு கல்வெட்டு, ஏறத்தாழ 890ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நாகத்தரனைச் சேர்ந்தவர்கள் 'பெங்களூரு' போரில் மடிந்ததைக் குறிக்கிறது. இன்று கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் இந்த நகரின் பெயர் நமக்குக் கிடைப்பதில் மிகப் பழைய சான்று இதுவே. வெந்த பயறு கொடுத்த கிழவியால் 'பெந்தகாளூரு' என்ற பெயர் வந்தது என்ற கதையைப் பள்ளியில் பிள்ளைகள் படித்திருப்பார்கள். அந்தக் கதையில் வரும் மன்னன் வீரபல்லாளன் காலத்துக்கு முன்னரே பெயர் கல்லில் இருக்கிறது என்றால், கதை சரியாக இருக்க முடியுமா என்று அவர்களையே கேளுங்கள்.

அடுத்து மடிவாளா சோமேசுவரர் கோயில். ஓசூர் சாலையில் நாம் எத்தனையோ முறை பேருந்தில் கடந்து போன மடிவாளாதான். இதன் வெளிச்சுவரில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. 1247ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒன்று, வேப்பூரைச் சேர்ந்த ஒருவர் 'வெங்களூர்ப் பெரிய ஏரியின் கீழ்' உள்ள நிலத்தைக் கோயிலுக்குக் கொடுத்ததைச் சொல்கிறது.

இங்கேதான் நம் முன்பாடம் பயன்படுகிறது. கன்னடத்தில் பெங்களூரு, தமிழில் வெங்களூர். வேர், பேரு என்ற அதே விதி. கன்னடக் கல்வெட்டில் பெம்பூர், தமிழ்க் கல்வெட்டில் வேப்பூர், இன்று பேகூர். அருங்காட்சியகத்தில் பார்த்த கல்லின் ஊர்தான் இது. இன்னொரு கல்வெட்டு தாமரையின் பெயரால் ஓர் ஏரியைச் சொல்கிறது. பக்கத்தில் இருக்கும் தாவரெகெரெதான் அது. விதியைச் சொல்லிக் கொடுத்த ஆசிரியர் இங்கே வாய் திறக்க வேண்டாம். பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

இப்போது குழுவில் வேலை மாறுகிறது. அருங்காட்சியகத்தில் பிள்ளை படித்தது; பெரியவர் கேட்டார். இங்கே தமிழ் தெரிந்த பெரியவர் சுவரில் எழுத்துத் தேட வேண்டும். பழைய எழுத்தாதலால் முழு வரியையும் படிக்க வராது. இன்றும் மாறாத எழுத்துக்கள் சில கண்ணுக்குத் தெரியும். 'ட' தெரிகிறதா, 'ப' தெரிகிறதா என்று தேடட்டும். வெயில் சாய்வாக விழும் காலை வேளையிலோ மாலையிலோ போனால் எழுத்துப் பள்ளங்களில் நிழல் விழுந்து நன்றாகத் தெரியும். உச்சி வேளையில் ஒன்றும் தெரியாது. இரண்டும் வழிபாட்டிலுள்ள கோயில்கள். பூசை நேரத்தில் நெரிக்காமல், அர்ச்சகரிடம் அனுமதி கேட்டுச் செல்ல வேண்டும்.

இங்கேயும் ஒரு கவனம். 1247இல் இங்கே தமிழில் எழுதினார்கள் என்றவுடன், "பார்த்தாயா, இது நம் ஊர்!" என்று நெஞ்சு நிமிர்த்தத் தோன்றும். அப்போது இந்நாட்டை ஆண்டவர்கள் ஹொய்சளர்; கன்னட மன்னர்கள். அவர்கள் காலத்திலேயே, அவர்கள் நாட்டிலேயே தமிழ்க் கல்வெட்டு எழுதப்பட்டது. அதே ஹொய்சளர் நம் சமயபுரத்தை அடுத்த கண்ணனூரில் தலைநகர் அமைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள். அங்கே கோயிலும் கட்டினார்கள். நாம் இங்கே வந்ததுபோல் அவர்கள் அங்கே வந்தார்கள். "இது நம் ஊர் மட்டும்" என்பது பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய செய்தியன்று. "இந்த ஊரில் நம் மொழி நேற்று வந்ததன்று, ஆகவே நீ கூச்சப்பட வேண்டாம். அவர்கள் மொழியும் இங்கே நமக்கு முன்பே கல்லில் இருக்கிறது, ஆகவே அதை நன்றாகக் கற்றுக்கொள்" என்பதே செய்தி.

7. திரும்பி வந்தபின்

அடுத்த ஞாயிறு வகுப்பில் ஒவ்வொரு குழுவும் ஒரு பெரிய தாளில் தான் பார்த்த கல்லை வரைந்து, கீழே ஐந்து வரி தமிழிலும் ஐந்து வரி கன்னடத்திலும் எழுத வேண்டும். அதைச் சங்க அறையில் ஒரு மாதம் ஒட்டி வையுங்கள். ஒரு படியைக் காப்பாட்சியருக்கு நன்றிக் கடிதத்தோடு அனுப்புங்கள்.

இன்னொரு பணியும் உண்டு. பெங்களூரு மாவட்டக் கல்வெட்டுகளைத் தேடித் தொகுத்து பி.எல். ரைஸ் என்ற அறிஞர் 1905இல் வெளியிட்டார். இந்த ஊரிலேயே பிறந்த ஆங்கிலேயர் அவர். அவர் பட்டியலில் உள்ள கற்களில் பல, வீடுகளும் சாலைகளும் வந்தபோது காணாமற் போயின. எஞ்சியவற்றை 1909இல் தொடங்கப்பட்ட மிதிக் சொசைட்டி, கணினி வழியாக முப்பரிமாணப் படமாகப் பதிவு செய்துவருகிறது. ஏறத்தாழ 750ஆம் ஆண்டைச் சேர்ந்த கிட்டய்யன் என்பவனின் வீரக்கல் ஹெப்பாளில் கவனத்துக்கு வந்தது 2018இல்தான். ஏரிக்கரையில், ஊர்க்கோடியில், துணி துவைக்கும் கல்லாகவோ வேலிக் கல்லாகவோ இன்னும் எத்தனை கிடக்கின்றனவோ! நம் பிள்ளைகள் எழுத்துள்ள கல் ஒன்றைக் கண்டால், அதை நகர்த்தாமல், கழுவாமல், இடத்தைக் குறித்துக்கொண்டு பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். இந்தப் பழக்கம் வந்துவிட்டால் சுற்றுலாவுக்குக் கொடுத்த பணம் வீணாகவில்லை என்று கொள்ளலாம்.

பயிற்சி வினாக்கள்

1. வீரக்கல்லின் மூன்று அடுக்குகளில் என்னென்ன காட்டப்படும்?
2. ஆதகூர்க் கல் யாருக்காக நடப்பட்டது? அதில் சோழர் பெயர் வருவது ஏன்?
3. இராசாதித்தன் இறந்ததை இரண்டு பக்கத்தாரும் எப்படி எழுதினார்கள்? ஒப்பிடுக.
4. வேப்பூர், பெம்பூர், பேகூர்: இவை எப்படி ஒன்றாகும்? விளக்குக.
5. தமிழில் 'ப'வில் தொடங்கிக் கன்னடத்தில் 'ஹ'வில் தொடங்கும் சொற்கள் பத்து எழுதுக. வீட்டில் பாட்டியிடமும், பக்கத்து வீட்டுக் கன்னட அம்மாவிடமும் கேட்டு எழுதலாம்.
6. உன் தெருவின் பெயர் எப்படி வந்தது? மூன்று பேரிடம் கேட்டு, மூவர் சொன்னதையும் எழுதுக.
7. "உன் ஊர் எது?" இந்த வினாவுக்குச் சுற்றுலாவுக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் விடை எழுதுக. இரண்டு தாள்களையும் பத்திரமாக வைத்துக்கொள்க.

ஏழாவது வினாவுக்கு மதிப்பெண் போட வேண்டாம். சென்ற முறை ஒரு சிறுமி சுற்றுலாவுக்கு முன் "அரூர்" என்று ஒரே சொல்லில் எழுதியிருந்தாள். பின்னர் எழுதிய தாளில், "அப்பா ஊர் அரூர். என் ஊர் பொம்மசந்திரா. அதில் ஒரு ஏரி இருக்கிறது" என்று மூன்று வரி எழுதினாள். நாம் எதிர்பார்ப்பது அவ்வளவுதான்.